கோயிலிலிருந்து வந்ததும்

மகள் ஜோவிட்டாவின் கால் வளைவதை முதலில் பார்த்தவள் என் மனைவி மௌரீன்தான். நான் பார்க்கவில்லை.

"நேரா நில்லு ஜோ" என்று குழந்தையை நிறுத்தி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தன் கையை நுழைத்துக் காட்டினாள். கை தாராளமாக நுழைந்தது.

"எல்லாக் கொழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"உனக்கு உன் லேபிளத் தவிர எதுவும் கண்ணுல படாது, கிளிஃப்" என்றாள்.

எனக்குப் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் வேலை. மருந்து டப்பாக்களும் லேபிள்களும் அச்சிடும் கம்பெனியில் தரப் பரிசோதனை. பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி. எழுத்து அழிந்திருக்கிறதா, கோணலாக இருக்கிறதா. ஷிஃப்டுக்கு ஆயிரம் லேபிளாவது கண்ணில் படும். அதில் எழுதியிருப்பதைப் படிப்பது என் வேலை இல்லை.

மௌரீன் குழந்தையை டாக்டர் சேஷகிரியிடம் கூட்டிப்போனாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. எங்கள் வீடு விவேக் நகரில், சந்துக்குள் முதல் மாடி. நான்கு பக்கமும் கட்டடம். துணி காய இரண்டு நாள் ஆகும். ஜோவுக்கு மூன்று வயது எட்டு மாதம். அவள் மீது எப்போது வெயில் பட்டது என்று டாக்டர் கேட்டாராம். மௌரீனுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதாள்.

எட்டுப் பாக்கெட் எழுதிக் கொடுத்திருந்தார். ஆரஞ்சு நிறப் பாக்கெட். உள்ளே தூள். பாலில் கலக்கிக் கொடுக்க வேண்டும். எப்போது, எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொள்வாள். எனக்கு அப்போது இரண்டாம் ஷிஃப்ட். பகல் இரண்டு மணிக்குப் போனால் ஜோ தூங்கிய பிறகுதான் வருவேன்.

மௌரீன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. வியாழக்கிழமை தவறாமல் குழந்தை இயேசு கோயில் நொவேனா ஜெபத்துக்குப் போவாள். ஜோவும் கூடப் போவாள். மற்ற நாளில் கோயில் பக்கம் போக அவளுக்கு நேரம் இருக்காது. நோட்டுத் திருத்த வேண்டும், சமைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அவளுக்கு அந்த ஒரு நாள்தான். கேஸ் புக் செய்வது, அவள் அப்பாவுக்கு மாத்திரை வாங்குவது எல்லாம் கோயிலிலிருந்து வந்ததும். இதையும் அதோடு சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு வியாழக்கிழமை கொடுத்தாள். அதற்குள் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆறு நாள்.

மூன்றாவது வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். நான் குளித்து உடை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்திருந்தேன். அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. சமையலறையில் நின்று கேட்டேன்.

"கிளிஃப், அப்பா ஜோவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. வந்ததும் மேல் ஷெல்ஃப்ல ஆரஞ்சு பாக்கெட் இருக்கு பாரு, அதுல ஒண்ணு பால்ல கலக்கிக் குடு. கோயிலுக்குப் போயிட்டு வந்தா குடுக்கணும். அவளே கேப்பா. எக்ஸ்பயரி டேட் பாத்துக்கிட்டு நிக்காத, குடு…"

அதன் பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'நர்ஸ் திட்றா. அப்புறம் பேசறேன்' என்று எழுதினாள்.

மாமா, மௌரீனின் அப்பா, ஜோவைக் கொண்டுவந்து விட்டார். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, "பாக்கெட்" என்றாள். காலாவதித் தேதி பார்த்தேன். இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அது மௌரீன் சொல்லிக்கொடுத்தது போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை மௌரீன் இறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை அடக்கம்.

மாமா பெயர் மதலைமுத்து. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். மௌரீன் ஒரே மகள். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டோவில் சொன்னார். "மாப்ளே, முப்பது நாளும் அவ பேருக்குப் பூசை வெச்சிருக்கேன். சாயங்காலப் பூசை. நீங்க வரணும். ஜோவும் வரணும்."

எனக்குப் பூசையில் பெரிய பற்று இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது. கம்பெனியில் காலை ஷிஃப்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பகலில் ஜோ கீழ்வீட்டு யசோதாக்காவிடம் இருந்தாள். மாலையில் மூன்று பேரும் கோயிலுக்குப் போவோம். சாமியார் மௌரீன் பெயரைச் சொல்வார். மாமா கண்ணை மூடிக்கொள்வார். ஜோ ஒவ்வொரு நாளும் சுற்றிலும் பார்ப்பாள்.

திங்கட்கிழமை வீடு திரும்பியதும் ஜோ, "பாக்கெட்" என்றாள்.

கோயிலுக்குப் போயிட்டு வந்தா குடுக்கணும். அவளே கேப்பா.

கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமையும் கொடுத்தேன். புதனும். வியாழனும்.

அந்த நாட்களில் எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஜோவுக்குத் தலை பின்ன வரவில்லை. சாதம் குழைந்தது. ராத்திரி அவள் கேட்கும் பாட்டு எனக்கு இரண்டு வரிக்கு மேல் தெரியாது. ஆனால் ஆறே முக்கால் மணிக்கு ஷெல்ஃபைத் திறந்து, பாக்கெட்டை எடுத்து, தேதியைப் பார்த்து, ஓரத்தைக் கத்தரித்து, கட்டி இல்லாமல் கலக்க வந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

டாக்டர் எழுதிய சீட்டு மௌரீனின் கைப்பையில் இருந்தது. பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. நான் அதைத் திறக்கவில்லை. அதில் அவள் சீப்பு இருக்கும், டிஃபன் ஸ்பூன் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாக்கெட். சனிக்கிழமை காலிப் பாக்கெட்டை மருந்துக் கடைக்கு எடுத்துப்போனேன்.

"லூஸா வேணுமா, பாக்ஸா?" என்றார் கடைக்காரர்.

"பாக்ஸ்ல எவ்ளோ?"

"இருவது."

"பாக்ஸே குடுங்க."

"என்ன சார், ஃபேமிலிக்கே போடறீங்களா?"

சிரித்தேன். மௌரீன் போன பிறகு அதுதான் முதல் தடவை. முன்கூட்டியே வாங்கி வைக்கிற அப்பாவாக ஆகிவிட்டேன் என்று தோன்றியது.

பத்தாவது நாளிலிருந்து ஜோ சரியாகச் சாப்பிடவில்லை. தோசையைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்கிப் போனாள், அதுவும் அழுதுகொண்டு. படுக்கையில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தாள். ஒன்றரை வருடமாக அந்தப் பழக்கம் இல்லை. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவத் தேடுது" என்றார் யசோதாக்கா. "வேற ஒண்ணும் இல்ல. வாயால சொல்லத் தெரியல, ஒடம்புல காட்டுது."

"டாக்டர்கிட்ட காட்டலாமா அக்கா?"

"டாக்டர் என்ன, அம்மாவக் கொண்டு வந்து குடுப்பாரா? நீங்களும்தான் தேடறீங்க. கண்ணாடில மூஞ்சியப் பாத்தீங்களா? பால்காரன் பயந்துபோயி பாக்கெட்ட என் வீட்டு வாசல்ல வெச்சிட்டுப் போறான்."

மாமாவும் அதைத்தான் சொன்னார். கம்பெனியில் க்ளென் சொன்னான், அவன் அக்கா பையனும் அப்படித்தான் இருந்தானாம், ஆறு மாதத்தில் சரியாகிவிட்டதாம். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் நானும் நம்பினேன். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை. அவளுக்கும் அதேதான் என்று நினைத்தேன்.

சாப்பிடாவிட்டால் என்ன, வைட்டமினாவது உள்ளே போகிறதே என்றும் நினைத்தேன். பதினைந்தாம் நாளுக்கு மேல் அவள் பாக்கெட்டைக்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். மடியில் உட்காரவைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். "மம்மி குடுக்கச் சொல்லியிருக்கா ஜோ" என்றேன். அப்படிச் சொன்னால் வாயைத் திறந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் கொடுத்ததை வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு, அரை மணி கழித்து மீதியைக் கொடுத்தேன்.

இருபத்து நான்காம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. கையைத் தூக்கினால் அப்படியே விழுந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அடுத்த தெருவிலிருந்து மாமா பனியனோடு பின்னால் ஓடி வந்தார்.

டாக்டர் சேஷகிரிக்கு அறுபது வயதிருக்கும். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், இடையிடையே மரியாதைக்குக் கன்னட 'ரீ' வந்து விழும். ஜோவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிரிப்ஸ் போட்டார்கள். மதியம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கால்சியம் இவ்ளோ மேல போயிருக்கு. என்னரீ குடுத்தீங்க கொழந்தைக்கு?"

"ஒண்ணும் குடுக்கல சார். சாப்பாடே எறங்கல. உங்க பாக்கெட் மட்டும்தான்."

"எந்தப் பாக்கெட்?"

"ஆரஞ்சு பாக்கெட். நீங்க எழுதினது."

"அது சரி. எத்தன குடுத்தீங்க?"

"தினமும் கரெக்டா குடுத்துட்டேன் சார்" என்றேன். ஒரு நாளும் விடாமல் கொடுத்ததை அவர் மெச்சிக்கொள்வார் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்தேன். அதை இப்போது எழுதத்தான் வேண்டும்.

அவர் உட்கார்ந்தார். கட்டிலின் ஓரத்தில், ஜோவின் கால்மாட்டில்.

"தினமுமா?"

"ஆமா சார். கோயிலுக்குப் போயிட்டு வந்ததும்."

"என்னரீ… வாரத்துக்கு ஒண்ணுரீ அது. ஒரு பாக்கெட்ல அறுபதாயிரம் யூனிட் இருக்கு. எட்டு வாரத்துக்கு எட்டு. எத்தன நாள் குடுத்தீங்க?"

"இருபத்து நாலு பாக்கெட்."

"யாரு சொன்னது தினமும் குடுக்க?"

"என் மனைவி."

"அவங்ககிட்ட நான் தெளிவா சொன்னேனே. எழுதியும் குடுத்தேன்."

அவள் இறந்துவிட்டதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஃபோனை எடுத்தேன். அவள் தவறாகச் சொல்லவில்லை என்று காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. குரல் செய்தியைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அந்தச் செய்தியை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். எப்போதும் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். இப்போது ஃபோன் அவர் கையில் இருந்தது. நிறுத்த முடியவில்லை.

'…எக்ஸ்பயரி டேட் பாத்துக்கிட்டு நிக்காத, குடு…'

மூச்சு. மூச்சு. மூச்சு. ஒரு இருமல்.

'…கிளிஃப், வாரத்துக்கு ஒண்ணுதான், சரியா? வியாழக்கிழமை மட்டும். கேட்டாளேன்னு நெறைய குடுத்துடாத, டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காரு. அடுத்த வியாழக்கிழமை நானே குடுத்துக்கறேன். அதுக்குள்ள வந்துடுவேன்.'

அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வினாடி. நான் கேட்டது இருபத்திரண்டு.

கட்டிலில் அசைவு தெரிந்தது. ஜோ கண்ணைத் திறந்திருந்தாள்.

"மம்மி" என்றாள்.

மாமா வராந்தாவுக்குப் போய்விட்டார். கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. டாக்டர் ஃபோனை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார். "பாக்கலாம். பாக்கலாம்ரீ. கொழந்த சின்ன வயசு" என்றார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இரண்டு கையிலும் மாற்றி மாற்றி டிரிப்ஸ். ஒன்றுக்கு நிறையப் போக ஊசி. கால்சியத்தைக் குறைக்க வேறொரு ஊசி. தினமும் இரத்தம். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடும்போது ஜோ என்னைப் பார்ப்பாள். மூன்றாம் நாள் எண் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாம் நாள் ஏறியது. வைட்டமின் டி கொழுப்பில் போய்த் தங்கிவிடுமாம். அங்கிருந்து மெதுவாக வந்துகொண்டே இருக்குமாம், மாதக்கணக்கில். கல்லூரியில் நான் படித்த உயிர்வேதியியலில் அது இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஸ்கேனில் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்திருப்பது தெரிந்தது. போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா ஒரே வரியைச் சொன்னார். "தெரியாம குடுத்துட்டாரு." நர்ஸிடம் சொன்னார். யசோதாக்காவிடம் சொன்னார். சாமியாரிடமும் சொன்னார். ஒரு மதியம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, "முப்பது நாள் பூசை வெச்சது நான்தானே மாப்ளே" என்றார். இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். முப்பதாம் நாள் பூசைக்கு அவர் மட்டும் போய்விட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு காலை ஜோ கேட்டாள். "டாடி, இன்னைக்கு வியாழக்கெழமையா?"

"இல்ல" என்றேன். அன்று வியாழக்கிழமைதான்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். மௌரீன் இறந்ததை அவளிடம் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடக்கத்தன்று அவளை யசோதாக்கா வீட்டில் வைத்திருந்தோம். மம்மி ஆண்டவர்கிட்ட போயிருக்கா என்று மாமா சொல்லியிருந்தார். கோயிலும் ஆண்டவர் வீடுதான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள் மௌரீன். இருபத்து மூன்று நாள் கோயிலில் அவள் எதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தோம். பால் கூடாது, தயிர் கூடாது, முட்டை கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெயிலில் நிறுத்தக் கூடாது. இந்த வீட்டில் அதற்கு மட்டும் சிரமம் இல்லை.

பெட்டியில் இரண்டு பாக்கெட் மீதி இருந்தது. அதை நர்ஸிடமே கொடுத்திருந்தேன். ஷெல்ஃப் காலி. கைப்பையைத் திறந்தேன். சீட்டு முன்பக்கத்து ஜிப்பிலேயே இருந்தது. டாக்டர் எழுதியதற்குக் கீழே மௌரீன் தன் கையால் சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருந்தாள். மாணவர்கள் நோட்டில் போடுவது போல.

வீட்டுக்கு வந்த முதல் வியாழக்கிழமை. விவேக் நகரில் அதை மறைக்க முடியாது. விடியும்போதே கூட்டம் வர ஆரம்பிக்கும். பஸ் நிறைந்து வரும். சந்து முனைவரைக்கும் வேண்டுதல் உருவங்களாக வார்த்த மெழுகுவத்திக் கடை போடுவார்கள். ஜோ ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி நின்றாள். கால்கள் இன்னும் வளைந்துதான் இருந்தன.

"டாடி, இன்னைக்கு வியாழக்கெழமையா?"

"இல்ல."

"மெழுகுவத்தி விக்கிறாங்க."

ஜன்னல் கதவை ஒரு பக்கம் சாத்தினேன்.

"கால் மெழுகுவத்தி, கை மெழுகுவத்தி, வீடு மெழுகுவத்தி எல்லாம் இருக்கு. இன்னைக்குத்தான்."

இறங்கிப் போய் நீல ஃபிராக்கை எடுத்து வந்தாள். மாட்டிவிட்டேன். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசற்கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு அங்கே இருந்தாள். பன்னிரண்டு மணிக்கும். படியில் யார் காலடி கேட்டாலும் டம்ளரைக் கையில் எடுப்பாள். யசோதாக்கா ஏறி வந்து பார்த்துவிட்டு, புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

மாலை மாமா வந்தார். "ஜோ, கோயிலுக்குப் போலாமா கண்ணு? தாத்தாகூட?"

"நான் வரல. மம்மி வந்தா வீட்ல ஆள் வேணும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஜோ, மம்மி வரமாட்டா."

"இன்னைக்கு வியாழக்கெழமைதானே?"

"ஆமா. வியாழக்கெழமைதான்."

"வந்துடுவேன்னு சொன்னா. ஃபோன்ல சொன்னா. நான் கேட்டேன்."

"சொன்னா."

"அப்ப பொய்யா?"

"பொய் இல்ல. அவளுக்குத் தெரியாது. வர முடியும்னு நெனச்சா. ஒடம்பு ரொம்ப மோசமாயி, செத்துட்டா. இனிமே எந்த வியாழக்கெழமையும் வரமாட்டா."

அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகச் சொன்னேன். அவளிடம் மட்டுமல்ல. யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்களிடம் 'போயிட்டா' என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஜோ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி தெரியாம சொல்லிட்டாளா?"

"ஆமா."

"நீ தெரியாம குடுத்த மாதிரியா?"



"ஆமா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்குத்தான் வந்தது. மௌரீன் இறந்த நாளிலிருந்து வராதது, தரையில் உட்கார்ந்த நிலையில், ஒரு குழந்தையின் முன்னால் வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.  ஜோ என் முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள்.

அடிக்கு அடி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கோயிலில் நொவேனா தொடங்கி, ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. ஆறே முக்கால். அவள் சமையலறைக்குப் போய், ஷெல்ஃபுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"தண்ணி குடு" என்றாள்.

எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.